தலை எண்ணும் ஞாயிறு

அக்டோபர் 4, சனி

காருக்குப் பனிக்கால டயர் மாட்டியாயிற்று. இங்கே அந்த டயர் அக்டோபரில் ஏறினால் ஈஸ்டருக்குத்தான் இறங்கும். மெக்கானிக் கோயில் பக்கம் தலைவைத்தும் படுக்காத ஆள். ஆனால் டயருக்குத் திருச்சபை நாட்காட்டிதான். ஞாயிற்றுக்கிழமை பட்டறை திறக்கமாட்டார். வெள்ளிக்கிழமை மதியம் மீன்தான் சாப்பிடுவார். தெருவில் பார்த்தால் "கிரூஸ் காட்" என்று கடவுள் பெயரைச் சொல்லித்தான் வணக்கம் வைப்பார். கடவுள் இருக்கிறாரா என்று கேட்டால் மட்டும் தோளைக் குலுக்குவார்.

ஐந்து ஊருக்கும் சேர்த்து நான் ஒருவன்தான் பங்குத்தந்தை. நான்கு ஊர்கள் பள்ளத்தாக்கில் இருக்கின்றன. ஐந்தாவது மார்ட்டின்ஸ்வைலர், மலைமேல். ஊருக்குப் பெயரே அந்தக் கோயிலின் புனிதர் கொடுத்ததுதான். ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பூசை அங்கே, பதினொன்றரைக்கு. போய்ச் சேரும்போது நாக்குத் தள்ளிவிடும்.

அக்டோபர் 5, ஞாயிறு

விளைச்சலுக்கு நன்றி சொல்லும் ஞாயிறு. மார்ட்டின்ஸ்வைலர் பீடத்தின் முன்னால் பூசணி, ஆப்பிள், கோதுமைக் கட்டு, சிலுவைக் கீறல் போட்ட பெரிய ரொட்டி. வைத்தவர்களைத்தான் காணோம். நேற்றே கொண்டுவந்து அழகாக அடுக்கிவிட்டுப் போய்விட்டார்களாம். பூசைக்குப் பதினொரு பேர்.

மாடத்தில் ஆர்கன் வாசிக்கும் ஹெர் ஹோல்ட்ஸ்மன் பன்னிரண்டாவது. எழுபத்தாறு வயது, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். இவர் திருச்சபையிலிருந்து விலகி ஐம்பது வருடத்துக்கு மேலாகிறது. இந்த நாட்டில் விலகுவதென்றால் சும்மா பூசைக்கு வராமல் இருப்பதில்லை, அரசு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவது. அவர் அதைச் செய்தார். செய்துவிட்டு அடுத்த ஞாயிறு மாடத்தில் ஏறி வழக்கம்போல் வாசித்தார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"வேற யாருக்கும் வாசிக்கத் தெரியாதே" என்றார்.

அவர் பேசுவது ஜெர்மன்தான். என் காதில் தமிழாக விழுகிறது, அப்படியே எழுதிவைக்கிறேன்.

அக்டோபர் 13, திங்கள்

மறைமாவட்டத்திலிருந்து கடிதம். கர்வாலியோ என்ற பெயரைப் பார்த்துவிட்டு இன்னமும் என்னைப் போர்த்துக்கீசியன் என்றே நினைக்கிறார்கள். உறையில் ஃபாதர் என்பதற்குப் போர்த்துக்கீசியத்தில் 'பத்ரே' என்று போட்டிருந்தது. ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் எங்கள் கடற்கரையில் கப்பலிலிருந்து இறங்கிய யாரோ ஒருவர் ஞானஸ்நானத்தோடு சேர்த்துக் கொடுத்த பெயர் அது. இப்போது அது விமானம் ஏறி வந்து இவர்களுக்குப் பூசை வைக்கிறது. சிரிப்பாக இருந்தது, உறையைப் பிரிக்கும்வரை.

மார்ட்டின்ஸ்வைலர் ஆலயம் மூடப்படுகிறது.

வருடத்தில் இரண்டு ஞாயிறு இங்கே எல்லாக் கத்தோலிக்க ஆலயங்களிலும் தலை எண்ணுவார்கள். தவக்காலத்தில் ஒன்று, நவம்பரில் ஒன்று. படிவத்தில் எழுதி அனுப்புவது பங்குத்தந்தையின் வேலை. எங்கள் மறைமாவட்டத்தில் புது விதி: அடுத்தடுத்து இரண்டு எண்ணிக்கை பத்துக்குக் கீழே போனால் மூடலாம். சென்ற நவம்பரில் மூடுபனி, எட்டுப் பேர். இந்த மார்ச்சில் ஒன்பது.

ஆயர் கையெழுத்துப் போட்டுவிட்டார். நவம்பர் 23 கடைசிப் பூசை. அன்றே அர்ச்சிப்பு நீக்கப்படும், கட்டடம் வேறு பயன்பாட்டுக்குப் போகும். நவம்பர் 16 பூசையில் கடிதத்தை நான் வாசிக்க வேண்டும். அதுவரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது.

மேலிடத்து முடிவு. நான் என்ன செய்ய?

அக்டோபர் 14, செவ்வாய்

கடிதத்தை அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அலமாரியும் மேசையும் இருக்க ஏன் அங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

பூசை முடிந்து உடை மாற்றிக்கொண்டிருந்தேன். ஹோல்ட்ஸ்மன் சக்ரீஸ்து அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். எப்போதும் கதவைச் சாத்தமாட்டார்.

"மூடற பட்டியல் தயாராகுதுன்னு கேள்விப்பட்டேன், ஃபாதர்."

"கேள்விப்படறது ஆயிரம் இருக்கும்" என்றேன்.

"விதியைப் படிச்சுட்டேன். ரெண்டு தடவை பத்துக்குக் கீழ. எட்டு, ஒன்பது. ஆனா நவம்பர் ஒன்பதாம் தேதி எண்ணிக்கை இன்னும் இருக்கு. அன்னைக்குக் கோயிலை நிரப்பிட்டா?"

நான் அங்கியை மடித்துக்கொண்டே இருந்தேன். ஏற்கெனவே மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தேன்.

அவர் விரல்விட்டு அடுக்கினார். ஆயிரத்து ஐந்நூறுகளில் விவசாயிகள் கலகம், கதவை உடைத்தார்கள். முப்பது வருடப் போரில் சுவீடன் படை கோபுரத்தை எரித்தது. நெப்போலியன் காலத்தில் கோயில் நிலமெல்லாம் போயிற்று. இரண்டு உலகப் போரிலும் மணிகளை இறக்கிக்கொண்டுபோய் உருக்கினார்கள்.

"எல்லாத்துக்கும் அப்புறம் திரும்பக் கட்டினாங்க. மூடணும்னு ஒருத்தனும் சொல்லல. இப்ப ஒரு படிவம் மூடப் பார்க்குது. நான் வீடு வீடாப் போறேன். நிரம்பினா பிரயோஜனம் இருக்கும் இல்ல?"

"நிரம்பினால் நல்லதுதான்" என்றேன்.

இது பொய்யில்லை. கோயில் நிரம்புவது நல்லதுதான்.

அக்டோபர் 20, திங்கள்

மறைமாவட்ட அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பேசியவர் மிக மரியாதையானவர். வலிக்கும் என்பது புரிகிறது என்றார். நவம்பர் எண்ணிக்கை உயர்ந்தால் மறுபரிசீலனை உண்டா என்று கேட்டேன். ஆணை கையெழுத்தான பிறகு இல்லை என்றார். "எண்கள் நீங்கள் அனுப்பியவைதானே, ஃபாதர்? அதில் ஏதாவது தவறு உண்டா?"

"இல்லை" என்றேன்.

மார்ச் எண்ணிக்கைக்கு ஒரு காரணம் உண்டு. போனில் சொல்லும்படியான விஷயமில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

இன்று கடிகாரத்தை ஒரு மணிநேரம் பின்னால் வைத்தார்கள். பூசைக்கு இரண்டு பேர் ஒரு மணிநேரம் முன்னதாகவே வந்து குளிரில் நின்றிருந்தார்கள்.

அக்கா ஜசிந்தா புன்னைத்துறையிலிருந்து பேசினாள்.

"தம்பி, சாப்ட்டியா? கொரலே சரியில்லய."

"குளிருக்கா."

"இங்க ஞாயித்துக்கெழம ரெண்டாம் பூசைக்கு எடங் காணாம ரோட்டுல பந்தல் போட்டிருக்காவ. கோயில இடிச்சிப் பெருசாக் கெட்டணும்னு ஊர்க்கூட்டத்துல ஒரே பேச்சி. ஒங்க ஊரு கோயிலு பெருசால்லா இருக்கும்?"

"பெருசுதான்."

"அம்மைக்கி மார்ச்சில வருச பூசை. நீதான் வைக்கணும். அடக்கத்துக்குத்தான் வர முடியல, இதுக்காவது வந்திருவேல்லா?"

வருகிறேன் என்றேன். எங்கள் ஊரில் பந்தல் போடுகிறார்கள், இங்கே பூட்டுப் போடுகிறார்கள். நடுவில் நான் காரில் ஓடிக்கொண்டிருக்கிறேன். அக்காவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை.

நவம்பர் 1, சனி

அனைத்துப் புனிதர் விழா. காலைப் பூசைக்குப் பதின்மூன்று பேர். பிற்பகல் கல்லறை மந்திரிப்புக்கு ஊரே வந்துவிட்டது. மெக்கானிக், ரொட்டிக் கடைக்காரம்மா, கால்பந்துக் குழுவினர் என்று எல்லோரும் கறுப்பு கோட்டும் சிவப்பு விளக்குமாக அவரவர் குடும்பக் கல்லறை முன்னால் நின்றார்கள். நான் தீர்த்தம் தெளித்துக்கொண்டே போனபோது, உயிர்த்தெழுதலை நம்பாதவர்கள்கூடத் தங்கள் கல்லறையில் ஒரு சொட்டு விழுந்ததா என்று எட்டிப் பார்த்தார்கள்.

சுவரோரத்தில் ஹோல்ட்ஸ்மன் தனியாக நின்றார். 'ரூடி, 1952–1974' என்று சிறிய கல்.

"என் தம்பி" என்றார். "தன் உயிரைத் தானே எடுத்துக்கிட்டான். அப்ப இருந்த பாதிரியார் உடம்பைக் கோயிலுக்குள்ள கொண்டுவர விடல. நேரா இங்கதான் கொண்டுவந்தோம். அடுத்த வாரம் நான் போய்க் கையெழுத்துப் போட்டேன்."

"அப்புறமும் ஏன் அந்தக் கோயிலுக்காக வீடு வீடாக அலைகிறீர்கள்?"

"அவன் ஞானஸ்நானம் வாங்கினது அங்கதானே. அந்தத் தொட்டி இருக்கிற இடத்தில யாராவது பீர் விக்கறதை நான் பார்க்கணுமா?"

கல்லின்மேல் கொஞ்சம் அதிகமாகவே தெளித்தேன். என்னால் முடிந்தது தண்ணீர்தான்.

நவம்பர் 3, திங்கள்

தலை எண்ணும் ஞாயிறுக்கான படிவம் வந்துவிட்டது. ஆறு வருடத்தில் முதல்முறையாகப் பின்பக்க விளக்கத்தைப் படித்தேன்.

'அன்றைய திருப்பலியில் ஆலயத்தினுள் இருக்கும் அனைவரையும், குருவைத் தவிர, உறுப்பினரா இல்லையா என்று பாராமல் எண்ண வேண்டும்.'

உறுப்பினரா இல்லையா என்று பாராமல்.

எழுதிவிடுகிறேன். இங்காவது எழுதாவிட்டால் எங்கே எழுதுவது.

மார்ச் 16. அதற்கு முந்தின நாள் காலையில் அம்மா இறந்தாள். எங்கள் ஊர் வெயிலில் உடலை அதிகம் வைத்திருக்க முடியாது. நான் போய்ச் சேரும்வரை காத்திருக்க வழியில்லை, எனக்குப் பதில் ஐந்து ஊரில் பூசை வைக்கவும் ஆளில்லை. அடக்கம் அங்கே ஞாயிறு மாலை மூன்றரைக்கு, இங்கே பதினொன்று. நான்காவது பூசையை முடித்துவிட்டு மலை ஏறிக்கொண்டிருந்தேன். காட்டுக்குள் போனால் சிக்னல் போய்விடும் என்பதால் மரம் அடுக்கிவைக்கும் இடத்தில் காரை நிறுத்திவிட்டு போனில் பார்த்தேன். அக்கா மகள் அங்கே கூட்டத்துக்கு நடுவில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் முகத்தைவிட பந்தல் கூரைதான் அதிகம் தெரிந்தது. மண் போட்டு முடிக்கும்வரை காரை எடுக்க முடியவில்லை.

மார்ட்டின்ஸ்வைலரில் கால் வைக்கும்போது மணி பன்னிரண்டேகால். இருபத்துமூன்று பேர் வந்திருந்தார்களாம். ஞாயிறு மதியச் சாப்பாடு இங்கே பூசை முடிந்த கையோடு, பன்னிரண்டரைக்கு. அடுப்பில் இறைச்சியை வைத்துவிட்டு எத்தனை நேரம் காத்திருப்பார்கள்? போய்விட்டார்கள். மீதி ஒன்பது பேர். டயர் பஞ்சர் என்று சொன்னேன்.

ஒன்பது என்று எழுதி அனுப்பினேன். மாடத்தில் ஹோல்ட்ஸ்மன் இருந்தார். விலகியவர்தானே என்று அவரை எண்ணவில்லை. மறந்துபோய் விடவில்லை. எண்ண விரல் எடுத்தேன், யோசித்தேன், மடக்கிக்கொண்டேன்.

அவரை எண்ணியிருந்தால் பத்து.

நவம்பர் 4, செவ்வாய்

மறைமாவட்டத்துக்குக் கடிதம் எழுதினேன். மார்ச் எண்ணிக்கை தவறு, பத்து என்று திருத்தவும், தவறு என்னுடையது. இன்றே தபாலில் போட்டேன்.

நவம்பர் 7, வெள்ளி

பதில் மின்னஞ்சலிலேயே வந்துவிட்டது. மார்ச் கணக்கு ஏப்ரலிலேயே முடிக்கப்பட்டு தேசியப் புள்ளிவிவரத்தில் சேர்ந்துவிட்டதாம். என் நேர்மைக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள்.

நவம்பர் 8, சனி

சட்டை துவைத்தேன். பிரசங்கம் எழுத உட்கார்ந்தேன். வரவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

கோயில் நிரம்பிவிட்டது.

வளைவு திரும்பும்போதே பார்த்தேன், சாலையின் இரண்டு பக்கமும் கார்கள். கதவருகே தீயணைப்புப் படையினர் சீருடையில் நின்றார்கள். கால்பந்துக் குழு புனித மார்ட்டின் குதிரையேறிய சின்னம் போட்ட சட்டையோடு வந்திருந்தது. ரொட்டிக் கடைக்காரம்மா கையில் மாவு போகாமல் வந்திருந்தார். மெக்கானிக் பின்வரிசையில் தொப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். எப்போது எழுவது, எப்போது முழங்காலிடுவது என்று பாதிப் பேருக்கு மறந்துபோயிருந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள். ஆனால் பாட்டு வந்ததும் ஒரு புத்தகமும் திறக்கவில்லை. அத்தனை பேருக்கும் மனப்பாடம். சின்ன வயதில் பாடியதாக இருக்கும். கண்ணாடிச் சன்னல்கள் அதிர்ந்தன.

ஆறு வருடத்தில் நான் இப்படி ஒரு பூசை வைத்ததில்லை. கையில் அப்பத்தை உயர்த்தியபோது அழுகை வந்துவிட்டது. பக்தியால் என்று நினைத்திருப்பார்கள். என் வீட்டில் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒரு கடிதம் இருக்கிறது, இவர்கள் எனக்காக எழுந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறார்கள்.

இரண்டு முறை எண்ணினேன். முடிந்ததும் ஹோல்ட்ஸ்மன் மாடப்படியில் தடதடவென்று இறங்கி வந்தார். எழுபத்தாறு வயது ஆள்.

"எத்தனை?"

"நூற்றிருபத்தேழு."

"எனக்கு நூத்தி இருபத்தாறு. ஆர்கன் மேல மாட்டியிருக்கிற கண்ணாடியில பார்த்து நானும் எண்ணினேன். யாரை விட்டேன்னு தெரியலையே."

"உங்களை விட்டுவிட்டீர்கள்."

விழுந்து விழுந்து சிரித்தார். "அது பழக்கம்" என்றார்.

பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். "காப்பாத்திட்டோம், ஃபாதர்."

கையை விடுவித்துக்கொண்டு உடை மாற்றப் போனேன். அப்போதே சொல்லியிருக்கலாம்.

நவம்பர் 11, செவ்வாய்

புனித மார்ட்டின் விழா. சாயங்காலம் பிள்ளைகள் காகித விளக்கேந்தி ஊர்வலம் வந்தார்கள். முன்னால் குதிரையில் புனித மார்ட்டின் வேடத்தில் தீயணைப்புப் படைத் தலைவர், சிவப்புப் போர்வையை வாளால் வெட்டிப் பாதியைப் பிச்சைக்காரருக்குக் கொடுத்தார். ஆயிரத்து அறுநூறு வருடமாக அந்தப் போர்வை வெட்டுப்பட்டுக்கொண்டே இருக்கிறது. யாருக்கும் அலுக்கவில்லை. கோயில் வாசலில் ஊர்வலம் முடிந்ததும் ரொட்டியை மந்திரித்துக் கொடுத்தேன்.

"அடுத்த வருசம் நிஜக் கழுதையும் கொண்டுவர்றோம், மார்ட்டின் கதையில வர்ற வாத்தும் கொண்டுவர்றோம்" என்று ரொட்டிக் கடைக்காரம்மா சொன்னார்.

கொண்டுவாருங்கள் என்றேன்.

நவம்பர் 16, ஞாயிறு

வாசித்தேன்.

முப்பது பேர் இருந்தார்கள். போன வாரம் வந்ததில் சிலருக்கு மறுபடி வரத் தோன்றியிருக்கிறது. தேதியை வாசித்ததும், "ஆணை அக்டோபர்லயே போட்டாச்சா?" என்று மெக்கானிக் உட்கார்ந்த இடத்திலிருந்து கேட்டார். பூசை நடுவில் யாரும் இங்கே பேசமாட்டார்கள். ஆமாம் என்றேன்.

"அப்ப போன வாரம் எங்களை எதுக்கு எண்ணினீங்க?"

நான் கடிதத்தை மடித்தேன். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு எழுந்து போனார். பின்னால் இன்னும் பலர் போனார்கள். ரொட்டிக் கடைக்காரம்மா போகும்போது பீடத்துக்கு முழங்காலிட்டு வணங்கிவிட்டு, என்னைப் பார்க்காமல் போனார்.

கடைசிவரை ஆர்கன் நிற்கவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

ஹோல்ட்ஸ்மன் வீட்டுக்குப் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன். காபி போட்டார். திட்டியிருந்தால் தேவலை.

எல்லாம் சொன்னேன். கடிதம், அரிசி டின், மார்ச் மாதம் மடக்கிய விரல். "உங்களை எண்ணியிருந்தால் பத்து. உங்கள் தம்பியை வெளியே நிறுத்தினார்கள். நான் உங்களை நிறுத்திவிட்டேன்" என்றேன்.

கரண்டியால் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். அவர் சர்க்கரை போடுவதில்லை.

"மார்ச்சில நானும் கண்ணாடியில எண்ணினேன், ஃபாதர். எனக்கும் ஒன்பதுதான் வந்தது."

கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு, "அன்னைக்கு உங்க டயர் பஞ்சர் ஆகல" என்றார்.

நான் கோப்பையைக் கையில் எடுத்தேன்.

"உங்க கை சுத்தமா இருந்தது. ஐம்பது வருசமா அந்தக் கண்ணாடியில பாதிரிமாரோட முகத்தைத்தான் பார்க்கறேன். யாரோ செத்திருக்காங்கன்னு தெரிஞ்சது. நீங்களாச் சொல்லல, நானாக் கேக்கறது சரியில்ல. பூசை முடிஞ்சு நான் என்ன வாசிச்சேன்னு ஞாபகம் இருக்கா?"

"இல்லை."

"தவக்காலப் பாட்டுதான் வாசிக்கணும். அடக்கப் பாட்டை வாசிச்சேன். மூணு சரணமும். யாருக்குன்னு தெரியாது. யாருக்கா இருந்தா என்ன."

"அம்மாவுக்கு" என்றேன்.

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அந்த மேசையில் கவிழ்ந்து அழுதேன். அவர் எழுந்துவந்து என் தோளில் கை வைத்தார். எட்டு மாதமாக நான் யார் முன்னாலும் அழுததில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

கடைசிப் பூசை. கிறிஸ்து அரசர் ஞாயிறு. மறைமாவட்டத்திலிருந்து ஒருவர் வந்து ஆணையை வாசித்தார். நாற்பது பேர் இருந்தார்கள். மெக்கானிக் வரவில்லை, ஆனால் வாசல் படியில் பனியை வாரிவிட்டுப் போனது அவர்தான் என்றார்கள்.

பீடத்தில் பதித்திருந்த புனிதரின் திருப்பண்டத்தை எடுத்தேன். நற்கருணைப் பேழையைக் காலி செய்து, கதவைத் திறந்தபடியே விட்டேன். அணையா விளக்கை அணைப்பது என் வேலை. மூன்று முறை ஊதியும் அணையவில்லை. கண்ணாடிக் குவளை ஆழமானது, மூச்சு எட்டவில்லை. கடைசியில் ரொட்டிக் கடைக்காரம்மா வந்து உள்ளங்கையால் குவளையின் வாயை மூடிப் பிடித்தார். அணைந்தது. கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனார்.

ஹோல்ட்ஸ்மன் வாசிப்பார் என்று எல்லோரும் மாடத்தைப் பார்த்தோம். அவர் ஆர்கன் மூடியைச் சாத்தும் சத்தம்தான் கேட்டது. இறங்கி வந்தார். ஞானஸ்நானத் தொட்டி அருகே கொஞ்சம் நின்றார். பிறகு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். ஐம்பது வருடத்தில் அவர் கீழே உட்கார்ந்தது இதுதான் முதல்முறை.

நவம்பர் 24, திங்கள்

நவம்பர் எண்ணிக்கைப் படிவத்தை அனுப்ப இன்று கடைசி நாள். நான்கு ஊர்களுக்கும் எழுதிவிட்டு ஐந்தாவது வரியில் 127 என்று எழுதி அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தது. மார்ட்டின்ஸ்வைலர் பட்டியலில் இல்லை, அந்த வரியை வெறுமையாக விட்டு மறுபடி அனுப்பவும் என்று குறிப்பு. அப்படியே விட்டு அனுப்பினேன்.

கணினியை மூடிவிட்டு இந்த நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். மார்ச் 16 பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. தேதி மட்டும் இருந்தது. பேனாவை எடுத்து அங்கே எழுதினேன்:

முன்வரிசையில் இரண்டு சகோதரிகள். தூணோரம் தபால்காரரும் மனைவியும். சன்னலருகே ஊன்றுகோலோடு ஒருவர். நடுவில் மூன்று கைம்பெண்கள். கதவருகே ரொட்டிக் கடைக்காரம்மா. மாடத்தில் ஹோல்ட்ஸ்மன், அம்மாவின் அடக்கப் பாட்டை மூன்று சரணமும் வாசித்தார்.

பத்துப் பேர்.